காப்புப் பெட்டி எண் ஒன்று

நாள் 112 — காலை 06:10
மேல் நிலையம், தென்முனைப் பள்ளத்தின் விளிம்பு, நிலா

வெளியீடு 800 வோல்ட், டி.சி. கரன்ட் 46 ஆம்பியர். சூரியத் தகடுகள் பதினாறும் சரி. கேபிள் வெப்பம் சரி.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் ரெஜினா பர்னாந்து, மின்காப்புப் பொறியாளர், ஊர் தூத்துக்குடி. இந்த விளிம்பில் வெயில் அநேகமாக மறைவதில்லை. ஏழு கிலோமீட்டர் கீழே, பள்ளத்தின் அடியில், வெயில் பட்டதே இல்லை. அங்கே ஐந்து பேர் பனிக்கட்டி வெட்டுகிறார்கள். அவர்களுடைய சூடு, காற்று, வெளிச்சம் எல்லாம் இங்கிருந்து ஒரே கேபிளில் போகிறது. அந்தக் கேபிளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இங்கே நான் ஒருத்திதான்.

இந்தக் குறிப்பு தினமும் பூமிக்கு, தரைக் கட்டுப்பாட்டுக்குத் தானாகப் போய்விடும். ஆனாலும் காகிதத்தில் ஒரு பிரதி எழுதுகிறேன். மின்சாரத்தோடு பழகியவள் மின்சாரத்தை மட்டும் நம்ப மாட்டாள்.

நாள் 114 — காலை 10:35

கீழே துளை எந்திரம் நின்றபோது கரன்ட் 93 ஆம்பியர் வரை எகிறியது. பதினொரு மில்லி நொடி. 70-க்கு மேல் ஏறவே கூடாது.

காப்புப் பெட்டி எண் ஒன்று இதற்காகவே இருக்கிறது. கேபிள் புறப்படும் இடத்தில் அதைப் பொருத்தியிருக்கிறோம். உள்ளே மூன்று காவல். திடீரென்று வோல்டேஜ் எகிறினால் அதை வாங்கி விழுங்க வில்லைகள். கரன்ட் மிஞ்சினால் பிடித்து நிறுத்த ஒரு கார்டு. இரண்டும் கைவிட்டால் கடைசியாக ஃபியூஸ். வரைபடம் என்னுடையது. தரையில் அதைச் சோதித்து சீல் வைத்தது ஆவுடையப்பன். பதினொரு வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன்.

தரையைக் கூப்பிட்டேன். அவன்தான் பணியில் இருந்தான்.

"மீட்டரு பொய் சொல்லுது ரெஜி. கீழ அவங்க மோட்டார நிறுத்துனா ஊசி ஒரு துள்ளு துள்ளத்தான் செய்யும். விடு."

விட்டுவிட்டேன்.

நாள் 115 — காலை 08:20

சூரியப் புயல் எச்சரிக்கை. இரண்டு வீச்சுகள். முதலாவது நாளை மறுநாள் விடியற்காலை, இரண்டாவது அன்றே மாலை.

புயலின் துகள்கள் கேபிளின் மேலுறையில் மின்னேற்றமாகச் சேரும். தாங்காத இடத்தில் பொரிந்து உள்ளே பாயும். அப்போது வோல்டேஜ் இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறலாம். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும், பொறி தானே அணைந்துவிடும். டி.சி. அப்படி ஓய்வதில்லை. பற்றிய பொறி, நாம் அறுத்துவிடும்வரை எரியும்.

புயலுக்கு முன் பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார்கள். சீலை உடைப்பது விதிமீறலாம்.

ஆவுடையப்பனும் சொன்னான்: "தொறக்காத ரெஜி. நான் கண்ணால பாத்து ஒட்டுன சீலு அது. எம்மேல நம்பிக்க இல்லையா?"

இருக்கிறது என்றேன்.

நாள் 115 — மதியம் 13:05

கீழிருந்து அஞ்சலை பேசினாள். துளை எந்திரத்தை ஓட்டுகிறவள், நெய்வேலிக்காரி. வயது முப்பது இருக்கும். பதற்றத்தில் குரலை உயர்த்தாத பெண்.

"அக்கா, ரெண்டு பவர் சப்ளையில ஒண்ணு போச்சுக்கா. டப்புனு ஒரு சத்தம், ஒரே கருகல் வாட. இப்ப இருக்கிற ஒண்ணுலதான் ஹீட்டரும் காத்தும் ஓடுது. துளை போடுறத நிறுத்திட்டோம்."

அரை மணி நேரத்துக்கு முன் கேபிளில் 1400 வோல்ட் போயிருக்கிறது. புயல் இன்னும் வரவேயில்லை. பெட்டி அதை விழுங்கியிருக்க வேண்டும். விழுங்கவில்லை.

நான் சீலை உடைக்கப் போகிறேன். நேரம் 13:12. என் பொறுப்பு.

நாள் 115 — மதியம் 14:00

பெட்டி காலி.

அப்படி எழுதுவது சரியில்லை. எடை இருக்கிறது, உருவமும் இருக்கிறது. வில்லைகள் இருக்க வேண்டிய குழிகளில் வெள்ளைப் பீங்கான் துண்டுகள். என் வில்லைகளின் நீல நிறத்தை அவற்றின் மேல் பூசியிருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினேன், உரிந்து வந்தது. கார்டு உண்மையான கார்டுதான். ஆனால் அதன் இரண்டு முனைகளையும் விரல் தடிமனான கம்பியால் இணைத்திருக்கிறார்கள். கரன்ட் கார்டுக்குள் போகவே போகாது. ஃபியூஸ் குழாயை உடைத்துப் பார்த்தேன். உள்ளே செம்புத் தண்டு. நூறு வருடம் ஆனாலும் அது உருகாது.

கம்பியின் பற்றவைப்பைப் பார்த்தேன். முனையை இடப்பக்கமாக ஒருமுறை சுற்றிவிட்டுப் பற்றவைப்பது ஆவுடையப்பனுடைய கை. வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அதற்காக அவனைக் கேலி செய்திருக்கிறேன்.

சோதனைச் சான்றிதழில் கையெழுத்து யாருடையது என்று இப்போது நினைவு வருகிறது. என்னுடையது. புறப்படுவதற்கு முன் தனிமை அறையில் இருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தட்டில் காகிதத்தை உள்ளே தள்ளினான். "ஒன் டிசைன்தான, நீயே போட்ரு. அதான் மரியாத" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படிக்காமல் போட்டேன்.

நாள் 115 — மாலை 15:30

அவனைத் தனி அலைவரிசையில் பிடித்தேன். அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் என்ன செய்யட்டும் சொல்லு. குலுக்கல் சோதனையில மூணு தடவ வில்லைக பொட்டுப் பொட்டா ஒடஞ்சிச்சி. ராக்கெட் தேதி தள்ளிப்போனா ஒரு வருஷம். திட்டத்தையே வேற ஊருக்குத் தூக்கிருவாங்க. அடுத்த கப்பல்ல நல்ல பெட்டிய அனுப்பிரலாம்னுதான் இருந்தேன். கப்பல ரத்து பண்ணுவாங்கன்னு நான் கனவா கண்டேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட."

"ஆமா. போயிருக்க மாட்டேன்."

பிறகு அவன் அழுதான். நிலாவுக்கும் பூமிக்கும் நடுவே ஒன்றேகால் நொடி தாமதம் உண்டு. ஒருவர் அழுவது அந்தத் தாமதத்தோடு வந்து சேரும்போது அது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம்போலக் கேட்கிறது.

"ரெஜி, எம் பேர மட்டும் வெளிய சொல்லிராத. பிள்ளைக ரெண்டும் படிக்குது. பெட்டியில கோளாறுன்னு மட்டும் சொல்லு. நீ இறங்கி வந்த பொறவு நானே எல்லாத்தையும் ஒத்துக்கிடுதேன்."

சரி என்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். பதினொரு வருடம். அதோடு அழ நேரமும் இல்லை, சண்டை போட நேரமும் இல்லை. கீழே ஐந்து பேர்.

தரைக்கு அனுப்பும் குறிப்பில் "பெட்டியில் கோளாறு" என்று மட்டும் எழுதினேன். காகிதத்தில் உள்ளது உள்ளபடி.

நாள் 116 — காலை 09:00

என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

என் நிலையத்தின் சொந்த சப்ளை 120 வோல்ட். அதன் காப்பு வேறொரு இடத்தில் செய்தது, அதில் வில்லைகள் உண்மையாகவே இருக்கின்றன. பதினான்கு. ஏழை வரிசையாகக் கோத்தால் 800 வோல்ட் லைனுக்குப் போதும். ஆக இரண்டு அடுக்கு. ஒன்று இங்கே, ஒன்று கீழே. கீழ்முனைக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டேன், எடை என்று வெட்டிவிட்டார்கள்.

அவற்றைக் கழற்றினால் என் நிலையத்துக்குக் காப்பு இல்லை. கழற்றிவிட்டேன்.

ஃபியூஸ் ஒன்று செய்தேன். மாதிரி எடுக்கும் கண்ணாடிக் குழாய். மெல்லிய செம்பு இழைகள், எண்ணிப் போட்டேன். பொறியை அணைக்க உள்ளே மணல் வேண்டும். வெளியே போய் நிலாப் புழுதியை அள்ளி, சலித்து நிரப்பினேன். 80 ஆம்பியர் இரண்டு நொடி நீடித்தால் உருகும். இதைக் கீழே வைக்கிறேன். ஆனால் ஃபியூஸ் ஒருமுறைதான் காப்பாற்றும். அது போனால் கீழே வெளிச்சமும் காற்றும் போகும். இருட்டில், மைனஸ் நூற்றெழுபதில், யாராவது வெளியே வந்து மாற்ற வேண்டும். அதனால் அது உருகும் முன்பே நான் இங்கே லைனை அறுத்து, பொறி அணைந்ததும் மறுபடி இணைக்க வேண்டும். கார்டு செய்ய வேண்டிய வேலை. மீட்டரில் சோதித்துவிட்டேன், கார்டும் செத்தது. சுவரில் ஒரு கை சுவிட்ச் இருக்கிறது. நான் இருக்கிறேன்.

நாள் 116 — மதியம் 14:40

ஊர்தி ஒன்றுதான், அது கீழே இருக்கிறது. அஞ்சலை அதில் ஏறி வந்தாள். நான் இரண்டு கிலோமீட்டர் இறங்கி நடந்தேன். கேபிளின் ஐந்தாவது கம்பத்தருகே சந்தித்தோம். வில்லை அடுக்கையும் ஃபியூஸையும் கொடுத்து, எந்த முனையில் எதை முடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். பிசகில்லை.

"பெட்டிக்கு என்னக்கா ஆச்சு?"

"கோளாறு. அவ்வளவுதான்."

"நீங்களும் எங்ககூட கீழ வந்துடுங்களேன். மேல ஒண்டியா எதுக்கு?"

"சுவிட்ச் பக்கத்துல ஆளு வேணும்மா."

அவள் கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பெட்டி காலி, காலியாகவேதான் வந்தது என்று. நாக்கு நுனிவரை வந்தது. அவனுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து விழுங்கிவிட்டேன்.

நாள் 117 — காலை 09:40

முதல் வீச்சு 04:15-க்குத் தொடங்கி 08:50-க்கு ஓய்ந்தது.

ஒன்பது தடவை சுவிட்சை அறுத்து இணைத்தேன். 60-க்கு மேல் ஊசி ஏறினால் கை இறங்க வேண்டும். மூன்று எண்ணி மறுபடி ஏற்ற வேண்டும். நான்காவது தடவைக்குப் பிறகு ஊசியை நான் பார்க்கவில்லை, கைதான் பார்த்தது.

கீழே ஃபியூஸ் போகவில்லை. லைனில் இப்போது 31 ஆம்பியர். அவர்களுடைய ஹீட்டர் ஓடுகிறது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது தடவையில் என் நிலையத்தின் சப்ளை எரிந்தது. எதிர்பார்த்ததுதான். ஒலிபரப்பியும் அதோடு போயிற்று. காற்றுச் சுத்திகரிப்பு இல்லை, சூடு இல்லை. தகடுகளிலிருந்து 800 வோல்ட் என் தலைக்கு மேலேயே ஓடுகிறது, அதை 120 ஆக்க என்னிடம் ஒன்றும் இல்லை. விண்ணுடைக்குள் இருக்கிறேன். உடையின் பேட்டரி பதினொரு மணி நேரம் வரும்.

உடையில் கேட்கும் கருவி வேலை செய்கிறது. பேச வழியில்லை. என் நெஞ்சுத் துடிப்பு மட்டும் உடையிலிருந்து நேரே தரைக்குப் போகிறது. அரை மணிக்கு ஒருமுறை அங்கே பணியில் இருப்பவர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டால், என் மணிக்கட்டில் பச்சை விளக்கு எரியும். 09:30-க்கு எரிந்தது. அவர்களுக்குத் தெரியும். அஞ்சலையிடம் சொல்லி ஊர்தியை அனுப்பச் செய்வார்கள். இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

நாள் 117 — காலை 11:20

சப்ளை எரியும் முன் திரையில் கடைசியாக நின்ற பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறேன். மின்காகிதத் திரை, மின்சாரம் போனாலும் கடைசிப் பக்கம் அப்படியே நிற்கும். தரையிலிருக்கும் என் குறிப்பேட்டின் பிரதி. அதில் நான் எழுதாத ஒன்று இருக்கிறது.

"நாள் 113, மாலை 16:20. காப்புப் பெட்டி எண் 1 திறக்கப்பட்டது. ஆய்வுக்காக வில்லைகள் அகற்றப்பட்டன. — ரெ. பர்னாந்து."

113-ஆம் நாள் மாலையில் நான் தகடுகளில் புழுதி துடைத்துக்கொண்டிருந்தேன். கடவுச்சொல் எனக்கும் ஆவுடையப்பனுக்கும் மட்டும் தெரியும். நானே கொடுத்தது.

நாள் 117 — மதியம் 12:10

தரை கீழ் நிலையத்தோடு பேசியது. கேட்டேன். குரல் அவனுடையது. அலுவலகக் குரல்.

"அஞ்சலை, மேல் நிலையத்துல இருந்து அஞ்சு மணி நேரமா எந்த சிக்னலும் இல்ல. வருத்தமா இருக்கு. ரெஜினா தவறிட்டாங்கன்னுதான் எடுத்துக்கணும்."

பச்சை விளக்கு எரிந்தது அவன் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே. சரியாக 12:00. பணியில் அவன்தான். ஒப்புக்கொண்டது அவன் கை.

"நாங்க மேல போய்ப் பாக்குறோம் சார். ஊர்தி ரெடியா இருக்கு."

"வேண்டாம். சாயங்காலம் ரெண்டாவது வீச்சு வருது, ஊர்திய வெளிய எடுக்கக் கூடாது. அப்புறம் ஒரு விஷயம், ஒங்களுக்குத் தெரியணும். பெட்டிய அவங்கதான் நாலு நாளுக்கு முன்ன தொறந்து வில்லைகளக் கழட்டியிருக்காங்க. அவங்க குறிப்பிலேயே இருக்கு. ஒங்க சப்ளை போனதுக்கு அதான் காரணம்."

"ஆனா சார், எங்களுக்கு வில்லை கொண்டாந்து கொடுத்தது அவங்கதானே."

"கழட்டினதத்தான் திருப்பிக் கொடுத்திருக்காங்க. பயந்துட்டாங்க போல."

"என்கிட்ட நல்லாத்தான் பேசினாங்க." அஞ்சலை சொன்னாள்: "பெட்டிக்கு என்னாச்சுன்னு கேட்டேன், கோளாறுன்னு மட்டும் சொன்னாங்க. என்னன்னு சொல்லல."

"எப்படிச் சொல்லுவாங்க?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் பேசியது என் ஹெல்மெட்டுக்குள் மட்டும் கேட்டது.

நாள் 117 — மதியம் 14:30

யோசித்தேன்.

நடந்து இறங்க முடியுமா? ஏழு கிலோமீட்டர், பாதிக்கு மேல் நிழல். நிழலில் பேட்டரி மூன்று மடங்கு வேகமாகக் கரையும். ஒருவேளை முடியலாம். ஆனால் 17:30-க்கு இரண்டாவது வீச்சு. நான் வழியில் இருந்தால் சுவிட்சில் யாரும் இல்லை. ஃபியூஸ் உருகும், அல்லது அவர்களுடைய கடைசி சப்ளை எரியும்.

சுவிட்சையே பேச வைக்கலாமா? அறுத்து இணைத்து, அறுத்து இணைத்து, கீழே விளக்கு கண் சிமிட்டினால் அஞ்சலைக்குப் புரியும், மேலே ஆள் இருக்கிறது என்று. கையை வைத்தும்விட்டேன். ஆனால் லைனை அறுக்கும்போதெல்லாம் கேபிள் ஒரு வோல்டேஜ் உதை உதைக்கும். அதை வாங்குவது இந்த ஏழு வில்லைகள். மூன்றில் விரிசல் விழுந்துவிட்டது. மீதியை மாலைக்கு வைத்திருக்க வேண்டும். நான் உயிரோடு இருப்பதைச் சொல்ல அவர்களுடைய வில்லையைச் செலவழிக்க முடியாது.

கையை எடுத்தேன்.

இதை அவன் கணக்குப் போட்டிருப்பான். நான் சிமிட்ட மாட்டேன் என்று. ஓடிப்போக மாட்டேன் என்று. வீச்சு வரும்போது சுவிட்சருகே நிற்பேன் என்று. என்னை அவனைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. பெட்டிக்குள் ஒன்றும் வைக்காமல் அனுப்ப அவனுக்குத் தைரியம் வந்தது எப்படி என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டிக்குப் பதிலாக என்னை அனுப்பினான். அதுதான்.

இந்தக் காகிதங்களைப் பெட்டியில் அந்தப் பீங்கான் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். படிப்பவரே, நீல நிறத்தைச் சுரண்டிப் பாருங்கள். கம்பியின் முனையைப் பாருங்கள், இடப்பக்கச் சுற்று. ஆவுடையப்பன். பேரை எழுதிவிட்டேன். வாக்கு முடிந்தது.

நாள் 117 — மாலை 18:45

தொடங்கியது. நான்கு தடவை.

ஐந்து.

வில்லை இரண்டு உடைந்தது. மீதி ஐந்து. உடைந்த இடங்களில் நேர்க்கம்பி போட்டு இணைத்துவிட்டேன், தாங்கும்வரை தாங்கட்டும். வலது கை விரல்கள் குளிரில் மடங்கவில்லை, இடது கையால் எழுதுகிறேன், முழங்கையால் இறக்குகிறேன்.

நாள் 117 — 19:40

ஏழு. எட்டு. இப்போது ஓய்வு. 31 ஆம்பியர். பேட்டரி ஆறு சதவீதம்.

கேட்கிறது. தரையும் கீழும்.

"எல்லாரும் நலமா? லைன் எப்படி?"

"நலம் சார். அடிக்கடி போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. எட்டு தடவ. ஃபியூஸ் போகல."

"பாத்தீங்களா. பெட்டி வேல செய்யுது."

"வில்லையக் கழட்டிட்டாங்கன்னு சொன்னீங்களே சார்."

"கார்டு இருக்குல்லா. அது தானா அறுக்கும், தானா இணைக்கும்."

அஞ்சலை காகிதம் புரட்டும் சத்தம்.  

"எல்லாம் ஒரே மாதிரி இல்ல சார். மெஷினுன்னா ஒரே மாதிரி இருக்கும். மொதல்ல மூணு நொடியில வந்துச்சு. போகப் போக அஞ்சு, ஆறு. கடைசித் தடவ பத்து நொடி ஆச்சு."

ஒன்றேகால் நொடி. இன்னொரு ஒன்றேகால். அதற்கும் மேல்.

"கார்டு சூடாயிருக்கும். யாரும் வெளிய போகக் கூடாது. இது உத்தரவு. புரியுதா?"

"சரி சார்."

மணி 19:30-க்கான பச்சை விளக்கு எரியவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று அவன் முடிவு செய்துவிட்டான். நெஞ்சு துடித்துக்கொண்டுதான்

ஊசி ஏறுகிறது. 44. 58. முழங்கை